இரண்டு அரைநிலாத் தகடுகள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
குன்னூர் காவல் நிலையத்தில்
ஏட்டு மரகதவேல் பதிவேட்டைத் திறந்தார்.
"உங்களுதா மேடம், வீட்டுக்காரர்துங்களா?"
என்னுடையது.

உரிமத்தில் இருந்த எண்ணைப் படித்தார்,
ரிவால்வரின் உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஆறு இலக்கமும் இருந்தன,
ஆற்றில் இடுப்பளவு இறங்கி நிற்பவர்களைப் போல
மேல்பாதி மட்டும்.
"இது மூணா, எட்டா?"
உரிமம் எட்டு என்கிறது.
அதை எழுதிய குமாஸ்தாவும்
ஒரு நிமிடம் யோசித்திருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் செய்தது.
எந்தப் பாலைவனத்துக்குப் போனதோ, திரும்பியதோ,
அதற்கென வார்த்த தோட்டா
கடைகளில் தீர்ந்துபோன ஒரு காலத்தில்
வேறொரு ராணுவத்தின் தோட்டா மலிவாய் வந்தது.
எவனோ ஒருவன் உருளையைக் கடைசலில் ஏற்றி
பின்முகத்தைச் சீவினான்,
எட்டணாக் காசின் கனத்துக்கு.
அன்றுமுதல்
பிறந்த வீட்டுத் தோட்டா உள்ளே ஆடுகிறது,
புகுந்த வீட்டுத் தோட்டா
பிடரியைப் பிடித்துக்கொள்ள ஒரு தகடு இல்லாமல்
உட்காருவதில்லை.

"கெடுத்துவிட்டார்கள். பாதி விலைதான் பெறும்"
என்றார் பெங்களூர் பெஸ்தன்ஜி,
வெல்வெட் பெட்டியில் சீவாத ஏழு வைத்திருப்பவர்.
அந்த ஏழும் ஒருமுறைகூட வெடித்ததில்லை.
பாதி விலை என்பதால்தான்
என்னால் வாங்க முடிந்தது.

தகடு அறுத்துத் தந்தவன் பெள்ளி போஜன்,
அருவங்காடு கார்டைட் பேக்டரியில்
என் தம்பியோடு வேலை பார்ப்பவன்.
உடைந்த ரம்பத்தில் இரண்டு அரைநிலா;
ஒன்றில் மூன்று தோட்டா நிற்கும்.
முதல் ஜோடி இறுகியது, இரண்டாவது ஆடியது,
மூன்றாவதைக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:
"மெல்லிசான மருந்தாப் பாத்துப் போடு அக்கா.
இது இருமினாப் போதும், வாந்தி எடுக்க வேண்டாம்."

நாளெல்லாம் முந்நூறு கோப்பை
உறிஞ்சித் துப்புவது என் பிழைப்பு.
ஞாயிறு சுட்டால்
திங்கள் காலை முதல் இருபது கோப்பையில்
எந்த எஸ்டேட் தேயிலையும் செம்பாய் இனிக்கும்.
ஏல அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

கடைசியாகச் சுடப் போனது கேத்தியில்.
ஆறையும் போட்டு, மூடி,
கை நீட்டி, மூச்சை நிறுத்தியபோது
"திறந்து வை!" என்று கத்தினார் செயலாளர்.
மூன்றாம் இலக்குப் பலகைக்கு முன்னால்
ஒரு காட்டெருமை.

கட்டைவிரலால் கொக்கியை அழுத்தினேன்.
குழல் நாடி தாழ்ந்தது, நட்சத்திரம் எழும்பியது,
உள்ளங்கையில் விழுந்தன
இரண்டு அரைநிலாவும் ஆறு தோட்டாவும்,
சுடாமலே என் சூட்டில் சூடாகி.
அது பலகைச் சட்டத்தில் கழுத்தைத் தேய்த்தது,
சட்டம் சாய்ந்தது,
கரும்புள்ளி வானத்தைப் பார்த்தது.
வாய் பிளந்த எட்டுத் துப்பாக்கிகள் மேசையில்,
வாய் மூடிய எட்டுப் பேர் பெஞ்சில்.
பிறகு மூடுபனி ஏறியது.
அது போய்விட்டதா, அங்கேயே நிற்கிறதா
என்று தெரியாததால்
ஒன்றேகால் மணி நேரம் கழித்து
சுடாமல் வீட்டுக்குப் போனோம்.
எனக்குக் கோபம் வந்தது என்பதையும்
எழுதிவிட வேண்டும்.

ஏட்டு ரசீது எழுதினார்:
"ரிவால்வர் ஒன்று. பழையது.
உருளையில் கொஞ்சம் குறைவு."
தோட்டாக்களை எண்ணி வாங்கிக்கொண்டார்.
தகடுகளை அவர் கேட்கவில்லை.
அவை துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை.

பெட்போர்டில் பிளம்ஸ் வாங்கும்போது
பைக்குள் துழாவி
எடுத்து நீட்டிய சில்லறையில் ஒன்றைப்
பழக்காரி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்,
மூன்று கடி கடித்த வட்டம்.
"இது செல்லாது கண்ணு"
என்று என் கையிலேயே வைத்தாள்.